கிளைக்குப் போன புத்தகம் எங்கே?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் சிறிய வாடகை நூலகம் நடத்துகிறோம். காட்பாடியிலும் குடியாத்தத்திலும் கிளை திறந்த பிறகு, எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கிளை எத்தனை இருந்தாலும் பதிவேடு ஒன்றுதான் இருக்க வேண்டும். நானும் பட்டவன். பாகாயத்திலிருந்து குடியாத்தத்துக்கு 40 புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்பினேன். சாக்கு போய்ச் சேர்ந்தது, பட்டியல் சேரவில்லை. அங்கே எண்ணியபோது 37. மூன்றும் எங்கே இறங்கினவோ! அதன்பின் தகரப் பெட்டிதான். மூடியின் உட்புறம் பட்டியலை ஒட்டி, அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டி அடுத்த கிளைக்குப் போய்விடும். பழைய புத்தகமே அங்கே புதுப் புத்தகம்.

குடியாத்தத்துக்குக் கடை வாடகை கட்டுப்படியாகிறதா? 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியிலேயே நூலகம் ஓடியது. வாரம் ஒரு நாள் பெட்டியோடு ஒருவர் போய் உட்கார்ந்தால் போதாதா?

காட்பாடிக் கிளை தகரக் கொட்டகை என்றால் மே மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பசை விட்டு, அட்டை தனியே கையோடு வரும்.