மருமகளின் பூர்வீகம் தேடி

கேள்வி: என் மருமகளின் குடும்பம் மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்தது. பேத்திக்காக அந்த வம்சாவளியை எழுதிவைக்க ஆசை. இங்கிருந்தே தேட முடியுமா? - வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: முடியும். அமெரிக்காவின் யூட்டா மாநில வம்சாவளிச் சங்கம் 1938 முதல் நுண்படச் சுருள்களில் (மைக்ரோஃபிலிம்) பதித்த ஆவணங்களுள் மெக்சிக்கோவின் பங்குக் கோயிற் பதிவேடுகள் ஏராளம். சுருள்களை இரவல் அனுப்பும் முறை 2017இல் நின்றபின், அவற்றிற் பெரும்பாலானவற்றை ஃபேமிலிசேர்ச் (FamilySearch) இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியும் குடியியற் பதிவுக்கான சட்டம் மெக்சிக்கோவில் 1859இல்தான் வந்தது என்பதால், அதற்கு முற்பட்ட தலைமுறைகளுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளே கதி. மரியா என்ற பெயர், தலைமேல் சிறிய 'ஏ' ஏறிய ஒற்றை 'எம்' ஆகச் சுருங்கி நிற்கும். ஹிமேனெஸ் என்பது 'ஜே'யிலும் 'எக்ஸி'லும் தொடங்கும். நம்மூர்ப் பறங்கியர் பெயர்கள் படும் பாட்டை அறிந்த உங்களுக்கு இது புதிதல்ல. ஓரத்தில் 'எஸ்பஞோல்' (ஸ்பானியர்), 'மெஸ்தீசோ' (கலப்பினத்தவர்), 'இந்தியோ' (பழங்குடியினர்) என்று காணும் குறிப்பை இரத்தச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒன்றாகவும் திருமணத்தில் வேறொன்றாகவும் எழுதப்பட்டதுண்டு.

எனக்கு மிகப் பிடித்தவை திருமண விசாரணைக் கோவைகள். மணமக்கள் உறவினராயின், உறவுத் தடையிலிருந்து திருச்சபையின் விலக்குப் பெறுவதற்காகப் பொது மூதாதை வரையிலான உறவுமுறையை அதில் விளக்கியிருப்பார்கள். சிலவற்றில் கிளைப்படமே வரையப்பட்டிருக்கும்.

ஸ்பெயினின் செவில் நகரில் 1785இல் நிறுவப்பட்ட இந்தியாஸ் ஆவணக் காப்பகத்தில் ('இந்தியாஸ்' என்பது இங்கே ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களைக் குறிக்கும்) அங்கிருந்து கடல் கடந்தோரின் பயண அனுமதிகள் உள்ளன. ஆனால் தேடலை அங்கே தொடங்க வேண்டாம்; மருமகளின் பாட்டனார் பிறந்த ஊரின் பெயரை முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.