ஹேவ்-ஐ வச்சுக்கிட்டு என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் இன்டர்வியூல 'ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்'னு சொன்னானாம், எதிர்ல இருந்தவர் சிரிச்சுட்டாராம். அப்படி என்ன தப்பு அதுல? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: அவர் சிரிச்சதுதாங்க தப்பு, முதல்ல அத சொல்லிடறேன். இந்த 'ஆம் ஹேவிங்' நம்ம ஊர்ல மட்டும் இல்ல, ஹிந்திக்காரங்களும் இப்படித்தான் பேசறாங்க. டாக்டர்கிட்ட போனா 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்', கிளாஸ்ல எந்திரிச்சா 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்', இந்தியா பூரா ஓடுது, யாருக்கும் புரியாம போறதும் இல்ல. ஆனா பரீட்சைல மார்க் போயிடும், 'ஐ ஹேவ் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்'தான் சரி. காரணம் சிம்பிள், ஒண்ணு நம்மகிட்ட இருக்குங்கிறது ஒரு நிலைமை, நடந்துக்கிட்டிருக்கிற வேலை கிடையாது, அதனால 'இங்' சேராது. தமிழ்லயே சொல்லிப் பாருங்களேன், 'எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க'ன்னுதான் வரும், 'இருந்துக்கிட்டு இருக்காங்க'ன்னு யாராவது சொல்வோமா?

அதுக்காக ஹேவிங்னு எங்கயுமே வரக்கூடாதுன்னு இல்ல. 'இருக்கு'ங்கிற அர்த்தம் போயி சாப்பிடறது, அனுபவிக்கிறதுன்னு ஒரு செயலா மாறிட்டா தாராளமா போடலாம், 'வீ ஆர் ஹேவிங் லஞ்ச்'னா சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். ஒரு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. 'ஷி ஹேஸ் எ பேபி'ன்னா அவங்களுக்கு குழந்தை இருக்கு, 'ஷி இஸ் ஹேவிங் எ பேபி'ன்னா மாசமா இருக்காங்க இல்ல பிரசவம் ஆகிக்கிட்டு இருக்கு. கல்யாண வீட்ல இத மாத்திச் சொன்னீங்கன்னா அப்புறம் விளக்கம் சொல்லியே சாப்பாடு ஆறிடும்!

கேள்வி: ஐ ஹேவ் எ கார், ஐ ஹேவ் சீன், ஐ ஹேவ் டு கோ. மூணுக்கும் அர்த்தம் வேற வேற, ஆனா ஒரே ஹேவ். ஏன் சார் இப்படி படுத்தறாங்க? (கல்லூரி மாணவர், தேனி)

பதில்: தம்பி, இத அப்படியே தமிழ்ல சொல்லுங்க பாப்போம். என்கிட்ட கார் இருக்கு, பாத்திருக்கேன், போக வேண்டி இருக்கு. மூணுலயும் 'இரு' உக்காந்திருக்கா இல்லையா? நாமளும் ஒரே வார்த்தையதான் மூணு வேலைக்கும் அனுப்பறோம், தினமும் பேசறதால நமக்கு அது உறுத்தல, அவ்வளவுதான். ஹேவ் வேற, நம்ம இரு வேற, ரெண்டுக்கும் எந்த சொந்தமும் கிடையாது, ஆனா பாருங்க போய்ச் சேந்த இடம் ஒண்ணா இருக்கு. இங்கிலீஷ்ல ஆரம்பத்துல 'லெட்டர் எழுதி முடிச்ச நிலையில என்கிட்ட இருக்கு'ங்கிற மாதிரி ஒரு அமைப்பு இருந்துச்சு, அதுதான் தேஞ்சு தேஞ்சு 'ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்'னு ஆயிடுச்சு, இப்ப கையில லெட்டர் இருக்கணும்னுகூட அவசியம் இல்ல.

ஆனா இந்த ஒத்துமைய நம்பி கண்ண மூடிக்கிட்டு போனா ஒரு இடத்துல கவுத்துடும். காலைல கதவத் திறந்து தெரு ஈரமா இருக்கறத பாத்துட்டு 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு'ன்னு சொல்றோம்ல, அதாவது பெஞ்சத நாம பாக்கல, ஈரத்த வச்சு ஊகிக்கிறோம். இத அப்படியே 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்'னு கொண்டுபோனா தப்பு, ஏன்னா நேத்து, போன வாரம், 2019-லன்னு முடிஞ்சுபோன ஒரு நேரத்த சொல்லிட்டா 'ஹேஸ் ரெயின்ட்' மாதிரி அமைப்பு அங்க நிக்காது. பாத்தவன் 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்'னு சொல்லணும், ஊகிக்கிறவன் 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்'னு சொல்லணும். நம்ம பசங்க 'ஐ ஹேவ் சென்ட் தி மெயில் எஸ்டர்டே'ன்னு எழுதறாங்களே, அதுவும் இந்த விதி தெரியாமத்தான். அதுல 'ஹேவ்'வ தூக்கிட்டா போதும், சரியாயிடும்.

அப்புறம் ஒண்ணு, 'ஹேவ் டு' பேசும்போது 'ஹாஃப்டு'ன்னுதான் காதுல விழும், இங்கிலீஷ் படம் பாக்கும்போது கவனிங்க.

கேள்வி: 'ஹேட் ஹேட்'னு ரெண்டு தடவ வருதே, பிரிண்டிங் மிஸ்டேக்கா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லைங்க. நாம போறதுக்கு முன்னாடியே அவங்க சாப்பிட்டிருந்தாங்கன்னா 'தே ஹேட் ஹேட் லஞ்ச்'. ரெண்டாவது ஹேட்தான் சாப்பாடு, முதல் ஹேட் நம்ம '-இருந்தாங்க'. வரிசையா 11 ஹேட் வர்ற ஒரு புதிர் வாக்கியமே இங்கிலீஷ்ல பிரபலம், அத இங்க போட்டா எடிட்டர் என்னைய தேடுவார்.

கேள்வி: 'ஐ கட் மை ஹேர்'னு சொன்னதுக்கு 'நீயேவா வெட்டிக்கிட்ட?'ன்னு பாரின்ல இருக்கிற அண்ணன் கேக்கறான். சலூன்ல வெட்டினேன்னு எப்படி சொல்றது? (வாசகர், நாமக்கல்)

பதில்: 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. வேற ஆள வச்சு ஒரு வேலைய செஞ்சுக்கிட்டோம்னா ஹேவ், அப்புறம் பொருள், அப்புறம் வினையோட மூணாவது ரூபம், அந்த வரிசை மாறக்கூடாது. மாத்தி 'ஐ ஹேட் கட் மை ஹேர்'னு போட்டா மறுபடியும் கத்திரிய உங்க கையில குடுத்துடுவாங்க. நம்ம ஊர்ல 'வீடு கட்டினேன்'னு சொன்னா யாரும் 'நீயா செங்கல் தூக்கின?'ன்னு கேக்கறதில்ல, இங்கிலீஷ்லயும் 'ஐ பில்ட் எ ஹவுஸ்'னு சொல்ற வழக்கம் உண்டு, அதனால உங்க அண்ணன் கொஞ்சம் ஓவராத்தான் போறார்னு எனக்குத் தோணுது.

கேள்வி: 'டஸ் ஷி ஹேஸ்' ஏன் தப்பு? ஷி-க்கு ஹேஸ்தானே? (ஏழாம் வகுப்பு மாணவி, கரூர்)

பதில்: ஷி-க்கு ஹேஸ்தான் கண்ணு. ஆனா 'டஸ்'லயே அந்த 'ஸ்' வந்துடுச்சு பாரு, ஒரு தடவ போட்டா போதும், அப்புறம் வெறும் ஹேவ்தான். அதே மாதிரி 'டிட் ஹி ஹேட்' கிடையாது, 'டிட் ஹி ஹேவ்'.