கப்பல் முங்கி வந்தவர்கள்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் இலங்கையில் நடத்திய குண்டுவீச்சைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம் போதும்போல் இருக்கிறது.

கேள்வி: என் தாத்தா தியத்தலாவை முகாமுக்குப் பால் ஊற்றியவர். "கப்பல் முங்கி வந்த வெள்ளைக்காரப் பயலுக அங்க இருந்தானுக" என்று சொல்வார். கடலே இல்லாத மலையில் கப்பல்காரர்களுக்கு என்ன வேலை? அது எந்தக் கப்பல்?
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: தாத்தா சொன்னதில் பொய் இல்லை, மகள். 1900இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு சண்டையிட்டுப் பிடிபட்ட போவர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) கைதிகளை அடைப்பதற்காகத் தியத்தலாவையில் முகாம் போட்டார்கள். நல்ல குளிர், நல்ல காற்று. அதனால் பிறகு படையாட்களை இளைப்பாற அனுப்பும் இடமாகவும் அது ஆகிவிட்டது. அங்கே குன்றில் வெள்ளைக் கற்களால் பதித்த நரியைப் பார்த்திருப்பீர்களே, அது 'பொக்ஸ்' (நரி) என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் தங்கள் கப்பல் பெயருக்காகப் பதித்தது. இரண்டாம் உலகப் போரிலும் கடற்படையின் ஓய்வு முகாம் அங்கே இருந்தது.

தாத்தா பார்த்தது 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் தப்பியவர்களாக இருக்க வேண்டும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அன்றைக்கே தென்மேற்குக் கடலில் 'கோர்ன்வோல்', 'டோர்செட்ஷயர்' என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. 424 பேர் போனார்கள். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் அதே கப்பற்படை நாலு நாள் கழித்துத் திருகோணமலைக்கு வந்தது. முன்கூட்டியே தகவல் கிடைத்ததால் 'ஹேர்மிஸ்' முதல் நாள் இரவே 'வம்பயர்' என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலோடு துறைமுகத்தை விட்டுத் தெற்கே போய்விட்டது. விடிந்ததும் திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. பத்தரை மணிக்குப் பிறகு தாக்குதல் தொடங்கியது. பதினொரு மணிக்குக் கப்பல் இல்லை. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். 'வம்பயர்' இரண்டாக உடைந்தது. 'ஹொலிஹொக்' என்ற சிறு போர்க்கப்பலில் இன்னும் 53 பேர்.

அந்தப் பக்கமாக வந்த 'வீட்டா' என்ற மருத்துவமனைக் கப்பல் தண்ணீரில் மிதந்தவர்களை, ஏறக்குறைய 600 பேரை, அள்ளி எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து பலரைத் தியத்தலாவைக்கு அனுப்பினார்கள். ரயிலில் வந்தவர்கள் பட்டிப்பொலை ஏறி, உங்கள் ஹப்புத்தளை ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். எண்ணெய் படிந்த கடலில் கிடந்து வந்த பிள்ளைகளுக்கு ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் பனியும் எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தாத்தா இருக்கிறாரா? இருந்தால், அவர் சொல்வதை அவர் வாய்ப்பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன்.

கேள்வி: ஹேர்மிஸை விமானந்தாங்கிக் கப்பல் என்கிறார்களே சேர். தன் விமானங்களை ஏவித் தப்பியிருக்கலாமே?
– மாணவன், தலவாக்கலை

பதில்: தம்பி, அந்த நேரம் அதில் ஒரு விமானம்கூட இல்லை. மடகஸ்கார் படையெடுப்புக்குத் தயாராகத்தான் அது திருகோணமலைக்கு வந்தது. விமானங்களைக் கரையில் இறக்கியிருந்தார்கள். அவசரமாகப் புறப்பட்டபோது அவை கரையிலேயே நின்றுவிட்டன. இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. அவை துணி போர்த்திய, இரட்டைச் சிறகுள்ள 'சோர்ட்ஃபிஷ்'. ஜப்பானிய 'ஸீரோ' சண்டை விமானத்துக்கு முன்னால் நிற்காது. கரையிலிருந்து சண்டை விமானங்கள் வந்திருக்க வேண்டும். ஆனால் அன்று காலைக் குண்டுவீச்சில் திருகோணமலையின் தொடர்புகளே குலைந்து கிடந்தன. விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்றக் கப்பல் இல்லை.

விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் ஹேர்மிஸ். ஜப்பானியரின் 'ஹோஷோ' முந்திக்கொண்டு முடிந்தது, அது வேறு கதை. குண்டு விழுந்ததும் விமானங்களை மேலே ஏற்றும் முன்பக்க லிப்ட் பெயர்ந்து தூக்கி எறியப்பட்டது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. கப்பலோடு போன கப்டனைப் பற்றிப் பெருமையாக எழுதுவார்கள், எழுதட்டும். எனக்கு நினைவு போவது அடித்தட்டில் கொதிகலன் பக்கம் நின்றவர்களிடம். அவர்களுக்கு வெளியே வர இரும்பு ஏணிதான் வழி. விளக்கு அணைந்து, தரை சுவராகச் சரியும்போது இருபது நிமிடத்தில் எத்தனை தட்டு ஏற முடியும்?

கேள்வி: நம்மை அடக்கி ஆண்டவனுடைய படையாட்கள் அவர்கள். நம் பாட்டன், பூட்டன் செத்ததை எவன் எழுதினான்? இவர்களுக்கு எதற்கு இவ்வளவு உருக்கம்?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஐயா. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து, பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. ஹேர்மிஸில் போன 307 பேருக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு, திகதி உண்டு. கடலோடு போனவர்களின் பெயர்களை அவர்கள் நாட்டுத் துறைமுக நினைவுத்தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அவர்களுக்கு ஏன் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நம் ஆட்களுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன். சாகும் வரை கேட்பேன். கொதிகலன் அறைக்கு இறங்கியது துரை வீட்டுப் பிள்ளை அல்ல, அதையும் நினைத்துப் பாருங்கள். அதுவும் கூலிக்கு வேலை செய்கிறவன் வீட்டுப் பிள்ளைதான்.

கேள்வி: கப்பலைப் போய்ப் பார்க்க முடியுமா?
– வாசகர், பதுளை

பதில்: நம்மைப் போன்றவர்களால் முடியாது. 50 மீற்றருக்கும் கூடிய ஆழம். நன்றாகப் பயிற்சி எடுத்த சுழியோடிகள்தான் இறங்கலாம். மலையை விட்டு இறங்காமல் போரில் இறந்தவர்களைப் பார்க்க விரும்பினால் கண்டிப் போர் மயானத்துக்குப் போங்கள். பிரித்தானியர், ஆபிரிக்கர், கனேடியர், இத்தாலியர், நம் நாட்டவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். மட்டக்களப்புக் கடலில் இறங்கும் இளம் பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள்: அந்தக் கப்பலுக்குள் ஆட்கள் கிடக்கிறார்கள், அங்கிருந்து ஒரு ஆணியைக்கூடக் கழற்றி எடுத்து வர வேண்டாம்.