சீனியர் சிட்டிசன் வட்டியில் வரி பிடிக்கிறார்கள்: கணக்கை முடித்துவிடலாமா?

கேள்வி: நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 61. ஓய்வூதியம் மாதம் 22,000 ரூபாய். 2024 அக்டோபரில் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் போட்டேன். காலாண்டுக்கு 41,000 வந்துகொண்டிருந்தது. இந்த நிதியாண்டு (2025-26) தொடங்கியதிலிருந்து 36,900தான் வருகிறது. '12 லட்சம் வரை வரி இல்லை' என்றார்களே, பிறகு ஏன் பிடிக்கிறார்கள்? தெரிந்த ஏஜெண்ட் ஒருவர், இதை முடித்துவிட்டு வரியே இல்லாத உத்தரவாத வருமானத் திட்டத்தில் போடச் சொல்கிறார். வட்டி விகிதமும் குறையப்போகிறது என்கிறார். ஊரில் ஐந்து சென்ட் மனை ஒன்றை விற்கும் பேச்சும் நடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கணக்கை முடிக்காதீர்கள். ஓராண்டு கடந்து, இரண்டாண்டு நிறைவதற்குள் முடித்தால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் 20 லட்சத்துக்கு அது 30,000 ரூபாய். திரும்பக் கிடைக்கக்கூடிய பணத்துக்காக, திரும்பவே கிடைக்காத 30,000-ஐ யாராவது கொடுப்பார்களா?

திரும்பக் கிடைக்கும் என்று ஏன் சொல்கிறேன்? பிடித்தது டிடிஎஸ், அதாவது முன்கூட்டிப் பிடித்து வைக்கும் தொகை. உங்கள் மொத்த வருமானம் என்னவென்று அஞ்சலகத்துக்குத் தெரியாது. மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடி என்பது அவர்களுக்கான உத்தரவு. 2025 மார்ச் வரை இந்த வரம்பு 50,000-ஆக இருந்தது. உங்கள் ஆண்டு வட்டி 1,64,000. ஆகவே காலாண்டுக்கு 4,100 பிடித்தார்கள். '12 லட்சம்' என்பது நீங்கள் கட்ட வேண்டிய வரியைப் பற்றிய கணக்கு. அதை கவுன்ட்டரில் இருப்பவர் போட்டுப் பார்க்கமாட்டார்.

உங்கள் கணக்கை நாம் போட்டுவிடுவோம். ஓய்வூதியம் ஆண்டுக்கு 2,64,000. வட்டி 1,64,000. இரண்டும் சேர்ந்து 4,28,000. புதிய வரி முறையில் ஓய்வூதியக்காரருக்கு உள்ள நிலையான கழிவு 75,000 போக 3,53,000. நாலு லட்சம் வரை வரியே கிடையாது. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவரின் வரியைத் தள்ளுபடி செய்யும் சலுகை வரைக்கும் நீங்கள் போகவே இல்லை. பழைய வரி முறை, அதில் உள்ள 80சி, 80டிடிபி (80TTB) கழிவுகள் என்று யாராவது ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், உங்களுக்கு அது தேவையில்லை.

அப்படியானால் முதல் வருடம் ஏன் பிடிக்கவில்லை? கணக்குத் தொடங்கிய அன்று கையெழுத்து வாங்கிய தாள்களில் 15எச் படிவமும் இருந்திருக்கும். '60 வயது கடந்தவன், எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்' என்று நீங்களே கொடுக்கும் உறுதிமொழி அது. ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரலில் மறுபடி கொடுக்க வேண்டும் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கல்யாணக் கடன் வேண்டுமா என்று வாரத்துக்கு இரண்டு குறுஞ்செய்தி வருகிறது. 15எச் முடிந்துவிட்டது என்று வருடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப நம் நாட்டில் வழி இல்லை. ஓய்வூதியமும் வட்டியும் பான் எண்ணும் வருமான வரித் துறையின் கணினியில்தான் இருக்கின்றன. இருந்தும் 61 வயதுக்காரர் தாளை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போதே 15எச் கொடுத்தால் மார்ச் காலாண்டு வட்டி முழுதாக வரும். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். 'சர்வர் இல்லை, வைத்துவிட்டுப் போங்கள்' என்றால், சர்வர் வரும் நாளில் போய்க் கொடுங்கள். பாஸ்புக்கில் உள்ள கணக்கோடு பான் எண் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சேராவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் படிவத்தின் எண் மாறலாம். 'வரி பிடிக்க வேண்டாம் என்கிற படிவம்' என்று கேளுங்கள், போதும்.

ஏற்கெனவே மூன்று தவணையாகப் போன 12,300 ரூபாயை ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டாக வாங்கிக்கொள்ளலாம். ஜூலை 31-க்குள் செய்ய வேண்டும். சம்பளம், வட்டி மட்டும் உள்ளவருக்கான எளிய படிவம்தான். ரீஃபண்டில் பங்கு கேட்கிற ஆளிடம் போகாதீர்கள். தொகையைப் பெருக்க இல்லாத வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதிவிடுவார்கள். நோட்டீஸ் வரும்போது அந்த ஆளின் போன் அணைந்திருக்கும்.

இனி உங்கள் ஏஜெண்ட். 2011 டிசம்பரிலிருந்து இந்தத் திட்டத்துக்கு ஏஜெண்ட் கமிஷன் கிடையாது, பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக்கும் கிடையாது. உங்கள் 20 லட்சம் இங்கே இருக்கும்வரை அவருக்கு ஒரு பைசா வராது. அதை எடுத்து இன்சூரன்ஸ் பாலிசியில் போட்டால் முதல் வருட பிரீமியத்திலேயே அவருக்கு நல்ல வருமானம். அவருக்கு உங்கள் வரியைப் பற்றி ஏன் இத்தனை அக்கறை என்று இப்போது தெரிகிறதா? வங்கியில் டை கட்டிக்கொண்டு பேசும் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்'களுக்கும் இதே கணக்குதான்.

'உத்தரவாத வருமானம்' என்ற வார்த்தையைக் கேட்டு மயங்காதீர்கள். எத்தனை வருடம் கட்ட வேண்டும், எந்த வருடம் எவ்வளவு திரும்ப வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்ட பணமே தவணையாகத் திரும்பி வருவதைத்தான் 'வருமானம்' என்று காட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட பாலிசிகளில் உண்மையான வட்டி 6 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். உங்களுக்கு 8.2 சதவீதம் வருகிறது, வரியும் இல்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வட்டி குறையும் என்பதும் பாதி உண்மை. சிறுசேமிப்பு வட்டியை நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 2021 மார்ச் 31 இரவு எல்லாவற்றையும் குறைத்து அறிவித்தார்கள். மறுநாள் காலையே 'கவனக் குறைவு' என்று திரும்பப் பெற்றார்கள். நம் ஊரில் ஓட்டுப்பதிவுக்கு அப்போது ஆறு நாள்தான் இருந்தது. குறையட்டும், உங்களுக்கு என்ன? இந்தத் திட்டத்தில் பணம் போட்ட அன்றைய விகிதமே ஐந்து வருடத்துக்கும். உங்கள் 8.2 சதவீதத்தை 2029 அக்டோபர் வரை யாரும் தொட முடியாது. பிபிஎஃப், செல்வமகள் திட்டத்தில்தான் விகிதம் மாறினால் பழைய இருப்புக்கும் சேர்த்து மாறும். ரிசர்வ் வங்கி 2025-இல் மட்டும் வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-இலிருந்து 5.25-க்கு இறக்கியிருக்கிறது, வங்கி எஃப்.டி. வட்டியும் இறங்கிவிட்டது. இப்போது வெளியே வந்தால் இந்த விகிதம் மறுபடி எங்கே கிடைக்கும்?

மனை விஷயத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. 12 லட்சம் தள்ளுபடி, இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த நிலத்தை விற்ற லாபத்துக்குப் பொருந்தாது. லாபம் ஐந்து லட்சம் என்று வையுங்கள். உங்கள் மற்ற வருமானம் 3,53,000. நாலு லட்சத்துக்கு மீதம் இருக்கும் 47,000-ஐ லாபத்தில் கழிக்கலாம். மீதி 4,53,000-க்கு 12.5 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்கிற கூடுதல் வரி. 58,890 ரூபாய் கட்ட வேண்டும். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

வரி வரும் வருடத்தில் 'எனக்கு வரி வராது' என்று 15எச் கொடுப்பது பொய் உறுதிமொழி. அதற்கு வழக்குத் தொடரச் சட்டத்தில் இடம் உண்டு. பத்திரப்பதிவு மார்ச் 31-க்குள் என்றால் இந்த வருடம் படிவம் கொடுக்க வேண்டாம். பிடித்த 12,300-ஐ அந்த வரியில் கழித்துக்கொள்ளலாம், வீணாகாது. பதிவு ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ என்றால் இப்போது கொடுக்கலாம், ஏப்ரலில் கொடுக்கக் கூடாது. ஆகவே மனையை வாங்குபவரிடம் பதிவுத் தேதியைப் பேசி முடித்துவிட்டு, அதற்கப்புறம் அஞ்சலகத்துக்குப் போங்கள்.