தாஜ்மஹால் மஞ்சளாகுதே, கழுவினா போகாதா?

கேள்வி: போன வருஷம் ஆக்ரா போனப்போ தாஜ்மஹால் சில இடத்துல மஞ்சப்பூத்த மாதிரி இருந்துச்சு. காத்து மாசுன்னு சொன்னாங்க. தூசிதானே, கழுவிட்டா போச்சு? நம்ம தஞ்சாவூர் கோயிலுக்கும் இப்படி ஆகுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கழுவத்தாங்க செய்யறாங்க. முகத்துக்குப் போடுவோமே முல்தானி மிட்டி, அதையே குழைச்சு மார்பிள் மேல அப்பி, பாலிதீன் ஷீட் போட்டு மூடி, காஞ்சதும் எடுத்துட்டு காய்ச்சி வடிச்ச தண்ணியால கழுவுறாங்க, 1994-ல இருந்தே பல தடவை பண்ணியாச்சு. அழுக்கு வந்துடும், அரிச்சுப் போன கல்லு திரும்ப வராது, என் கவலையே அதுதான்.

வீட்டுல கடப்பா கல் மேடை இருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், ராத்திரி எலுமிச்சம்பழச் சாறு சிந்தி துடைக்காம விட்டா காலைல அந்த இடம் வெளுத்து, தடவினா சொரசொரன்னு இருக்கும், என்ன தேய்ச்சாலும் போகாது. ஏன்னா அது கறையே இல்ல, கல்லை ஆசிட் தின்ன இடம். மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்தான். நிலக்கரி, டீசல் எரியறப்போ வர்ற சல்ஃபர் டை ஆக்ஸைடு ஈரத்தோட சேர்ந்து சல்ஃப்யூரிக் ஆசிட் ஆகி மார்பிள்ல பட்டா மேல்பரப்பு ஜிப்சமா மாறிடும், சாக்பீஸ் பண்றது அதுலதான், அப்போ எவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு பாத்துக்கோங்க. மழை படுற இடத்துல அது கரைஞ்சு ஓடிடும், செதுக்கின பூ இதழோட விளிம்பெல்லாம் மழுங்கும். மழை படாத மூலையில கரியையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு கறுப்பா பொருக்குத் தட்டிடும்.

இதுக்காகத்தான் வக்கீல் எம்.சி. மேத்தா 1984-ல சுப்ரீம் கோர்ட் போனார். 1996 டிசம்பர் 30-ல தீர்ப்பு வந்துச்சு, தாஜ்மஹாலைச் சுத்தி நிலக்கரி எரிச்ச 292 தொழிற்சாலையும் கேஸுக்கு மாறணும், இல்லன்னா அந்த ஏரியாவை விட்டே போகணும்னு. பன்னிரண்டு வருஷம்! அவ்வளவு நாளும் கல்லு அரிச்சுக்கிட்டேதானே இருந்திருக்கும்.

நீங்க பார்த்த மஞ்சள் வேற கதை. 2011-12-ல ஐஐடி கான்பூர், அமெரிக்காவோட ஜார்ஜியா டெக், தொல்லியல் துறை மூணு பேரும் சேர்ந்து சின்னச் சின்ன மார்பிள் துண்டை அங்கயே ரெண்டு மாசம் வெச்சு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க. ஒட்டியிருந்தது மண் தூசி, வண்டிப் புகையில வர்ற கரி, அப்புறம் குப்பை, விறகு, வறட்டி எரிக்கிறதுல வர்ற பழுப்புக் கார்பன். மஞ்சப் பழுப்பு நிறம் தூசியாலயும் அந்தப் பழுப்புக் கார்பனாலயும்தான். தொழிற்சாலையை கோர்ட் மூடலாம், தெருமுனைக் குப்பைக்கு தீ வைக்கிறதை நகராட்சி தினம் லாரி அனுப்பி அள்ளினாத்தான் நிறுத்த முடியும்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கருங்கல்லுங்க, கிரானைட். அதுல சுண்ணாம்பு பேருக்குத்தான், அதனால ஆசிட் மார்பிளை தின்ற மாதிரி அதைத் தின்னாது. புகை படிஞ்சு கறுக்கும், ஆனா சாக்பீஸா மாறாது.