வலி தொடங்கிய பிறகு படகேறலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. நெடுந்தீவில் இருக்கிறோம். தலைப்பிள்ளை, இப்போது 36 வாரம். "முதற்பிள்ளை ஆறுதலாகத்தான் வரும், வலி தொடங்கிய பிறகு படகேறலாம்" என்கிறார் மாமி. பிரசவ அறையில் என்னென்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். சொல்வீர்களா?

பதில்: மாமி சொல்வதில் பாதி சரி. முதற்பிள்ளை பெரும்பாலும் அவசரப்படாது. ஆனால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் படகு உங்கள் வலியைப் பார்த்துப் புறப்படுவதில்லை. கடல் கொந்தளித்தால் பகலிலும் ஓடாது. 37 வாரம் முடிவதற்குள் யாழ்ப்பாண நகரை அண்டிய உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அப்படி ஒரு வீடு இல்லையென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே சொல்லுங்கள். வைத்தியசாலையில் முன்கூட்டியே தங்குவது பற்றிக் கிளினிக் வைத்தியரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

பிரசவத்தில் நீளமானது முதற்கட்டம். கருப்பை வாய் மெலிந்து 10 சென்ரிமீற்றர் வரை விரிய வேண்டும். முதல் 5 சென்ரிமீற்றர் வரை வலி வரும், விடும், மறுபடி வரும். சிலருக்கு ஒரு பகலும் இரவும் இழுக்கும். நடக்கலாம், குளிக்கலாம், கஞ்சி குடிக்கலாம், கண்ணயரலாம். வலி வீணாகப் போகிறதே என்று கலங்காதீர்கள். கருப்பை வாய் மெலிவது இந்த மணித்தியாலங்களில்தான். அதன் பிறகு வலி நெருங்கும். தலைப்பிள்ளைக்கு இன்னும் 12 மணித்தியாலம் வரை செல்லலாம். மணிக்கு ஒரு சென்ரிமீற்றராவது விரிய வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018 இல் சொல்லிவிட்டது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் "இன்னும் பிறக்கவில்லையா?" என்று அழைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது தெரியாது. கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வலி தொடங்கி அடுத்தது தொடங்க 5 நிமிடம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், ஒரு மணித்தியாலமாக இதே ஒழுங்கு என்றால் கிளினிக் அட்டையோடு புறப்படுங்கள். பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலையிடியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரத்தம் தோய்ந்த சளி சிறிதளவு பட்டால் மட்டும் பதற வேண்டியதில்லை.

இரண்டாம் கட்டத்தில் மலம் கழிக்க முட்டுவது போன்ற உந்துதல் வரும். கருப்பை வாய் முழுதாக விரிந்ததை மருத்துவமாது பார்த்துச் சொல்லும்வரை முக்காதீர்கள். முக்கும்போது கொஞ்சம் மலம் வெளியேறுவது மிகச் சாதாரணம். துடைத்துவிட்டு அவர் வேலையைத் தொடர்வார். இதற்கு வெட்கப்பட்டு முக்காமல் அடக்குகிறவர்களைத்தான் நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கிறது. தலை வெளிப்படும் நேரம் அவர் "முக்காதே பிள்ளை, வாயால் ஊது" என்பார். அந்தச் சில நொடிகள் எரியும். தலை மெதுவாக வந்தால் கிழிவு குறையும். வெட்டுப் போடுவது எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் விறைப்பூசி போட்டுத்தான் செய்ய வேண்டும். தலைப்பிள்ளைக்கு இந்தக் கட்டம் 3 மணித்தியாலம் வரை போகலாம். பிள்ளையின் இதயத்துடிப்பு சரிந்தாலோ, முன்னேற்றம் நின்றாலோ சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அப்போது காரணத்தைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்க ஒரு ஊசி போடுவார்கள். இளங்கொடி (நஞ்சுக்கொடி) பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். அது முழுதாக வந்ததா என்று மருத்துவமாது புரட்டிப் பார்ப்பார். துண்டு தங்கினால் இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். உடம்பு வெடவெடவென நடுங்கலாம். அது காய்ச்சல் அல்ல, போர்வை கேளுங்கள். பிள்ளையை நெஞ்சில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் (முதலில் சுரக்கும் சீம்பால்) கொடுங்கள். சீனித்தண்ணீர் யார் கொண்டுவந்தாலும் வேண்டாம்.

இவ்வளவும் முடிந்து எல்லோரும் பிள்ளையைப் பார்க்கும் அந்த இரண்டு மணித்தியாலங்களில்தான் தாயை நாங்கள் அதிகம் கவனிக்கிறோம். துணி சட்டென்று நனைந்தாலோ, தலை சுற்றினாலோ தாதியைக் கூப்பிடுங்கள், இரவு எத்தனை மணியானாலும்.