இலையில் பூத்த பூ

அன்புள்ள ஐயா,
எங்கள் மாடித் தொட்டியில் நான்கு வருடமாகப் பிரம்ம கமலம் இருக்கிறது. போன வாரம் முதல்முறையாகப் பூத்தது, அதுவும் இலையின் ஓரத்திலிருந்து! இலையில் எப்படிப் பூ வரும்? பூக்கும்போது வேண்டிக்கொண்டால் பலிக்குமாமே?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டுதல் உங்கள் பாடு, பிரம்மா பாடு. அந்தப் பெயருக்கு உரியது இமயமலைச் செடி. உங்களுடையது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. சரி, பெயரையும் விடுங்கள்.

ஆனால் ‘இலை’ என்று எழுதினீர்களே, அதை விட மாட்டேன். நான்கு வருடம் தண்ணீர் ஊற்றியவர் ஒருநாள் உற்றுப் பார்த்திருக்கக் கூடாதா? அது தண்டு. தட்டையாகி, இலையின் வேலையைத் தானே செய்யும் தண்டு. ஓரத்தில் வெட்டு வெட்டாக இருக்கிறதே, அவைதான் கணுக்கள். மொட்டும் அங்கிருந்துதான், புதுக் கிளையும் அங்கிருந்துதான். மா இலையில் கிளை விட்டு எங்காவது பார்த்தீர்களா? ரணகள்ளி இலையில் குட்டி முளைக்கிறதே என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். அந்தக் குட்டி விழுந்து தனிச் செடியாகும். இலையிலேயே இருந்து பூக்காது.

எனக்கு இந்தக் கிறுக்கு சப்பாத்திக்கள்ளியால் வந்தது. பழம் தின்று வாயெல்லாம் சிவந்து, உதட்டில் சுணை ஏறி வீட்டுக்கு வருவேன். அப்பத்தா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவாள். இளம் மடல்களில் குட்டிக் குட்டியாகப் பச்சைக் கொம்புகள் இருக்கும்; சில வாரத்தில் உதிர்ந்துவிடும். அந்தக் கொம்புதான் அதன் நிஜ இலை என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. மற்ற இலைகள் முள்ளாகிவிட்டன. நாங்கள் இலை என்று நினைத்து மிதித்துத் திரிந்ததெல்லாம் தண்டு!

அதுவும் நம் ஊர்ச் செடி இல்லை. சிவப்புச் சாயம் தரும் பூச்சிக்குத் தீனியாக, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். சாயம் தேறவில்லை. கள்ளிகள் தேறின, வகை வகையாக வந்து காடு கழனியெல்லாம் பரவின. ஒடித்துப் போட்ட மடலும் வேர் விட்டால் யார் என்ன செய்வது? தண்டாயிற்றே! கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து அந்தப் பூச்சியின் உறவுக்காரப் பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். கள்ளி மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சாக அப்பியிருக்குமாம். நசுக்கினால் ரத்தம் மாதிரி கை சிவக்குமாம். சிறுமியாக அதைப் பார்த்த அப்பத்தா, கடைசிவரை ‘கள்ளிக்கு அம்மை போட்டுச்சு’ என்றே சொன்னாள்.

எங்கோ போய்விட்டேன். உங்கள் செடியில் ஒரு சாண் தண்டு வெட்டி, சில நாள் நிழலில் காயவைத்து எனக்கு அனுப்புங்கள். உறைமேல் ‘இலை’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.